பின்வளவிலிருந்து வரும் அழைப்பு

விடிந்ததும் எழும்புவேன். மோட்டரைப் போடுவேன். மேலே தண்ணீர்த் தாங்கி நிரம்பும்வரை முற்றத்தைக் கூட்டுவேன். மா இலை ஒரு பக்கம், வேப்பிலை ஒரு பக்கம் என்று குவிப்பேன். ஏன் பிரிக்கிறேன் என்று தெரியாது. என் மனைவி தனுஷா அப்படித்தான் குவிப்பாள். தாங்கி வழியத் தொடங்கியதும் மோட்டரை நிறுத்துவேன். பல் விளக்குவேன். அப்போது உள்ளே போன் அடிக்கும்.

சாப்பாட்டு அறை மூலையில், அலுமாரிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலி. அதன்மேல் தனுஷா பின்னிய விரிப்பு. அதன்மேல் போன். வெள்ளையாக இருந்து மஞ்சளாகிப்போனது. அவள் இரண்டாம் மணிக்கே எடுத்துவிடுவாள். நான் அந்த மணியைக் கடக்கவிட்டு எடுப்பேன்.

"ஹலோ."

"தேத்தண்ணி வெச்சிரிக்கு."

"ஓம்."

"ஆறப் போகுது."

"எடுக்கிறன்."

மாமி, தனுஷாவின் அம்மா, வைத்துவிடுவார். பின்விறாந்தை மேசையில் கோப்பை, மேலே ஒரு பீரிஸ் தட்டு கவிழ்த்தபடி இருக்கும். கிணற்றுக்கு அப்பால் மாமியின் வீடு. ஓர் அறை, ஒரு குசினி, தகரக் கூரை. மாமி குசினி நிலையோடு ஒட்டி நின்று தன் பட்டன் போனைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருப்பார். நான் கோப்பையை எடுப்பதைப் பார்த்ததும் உள்ளே போய்விடுவார். கூப்பிட்டால் கேட்கும் தூரம். கத்தத் தேவையில்லை.

ஒரு வருடமாக எங்கள் பேச்சு இப்படித்தான்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவான். பெற்றவர்கள் பின்வளவுக்கு ஒதுங்கிக்கொள்வார்கள். நானும் கிரானிலிருந்து ஒரு நீலச் சூட்கேசோடு நாவற்குடாவுக்கு வந்தவன். மாமனார் அதற்கு முன்பே காலமாகியிருந்தார். மாமி பெயர் கேதீஸ்வரி. மருமகனோடு முகம் பார்த்துக் கதைக்காத ஆள். இப்போது ஊரில் மாமியும் மருமகனும் ஒரே மோட்டர் சைக்கிளில் சந்தைக்குப் போகிறார்கள். இவர் மட்டும் அதற்குப் பழகவில்லை. நான் முன்கதவால் வந்தால் அவர் பின்கதவால் போவார். கோபம் ஒன்றுமில்லை. அவருக்கு மரியாதை என்றால் அதுதான்.

எல்லாப் பேச்சும் தனுஷா வழியாகப் போய் வந்தது.

"அம்மா கேக்கா, இரவைக்குப் புட்டா, இடியப்பமா?"

"எதெண்டாலும் சரி."

அவள் பின்கதவில் நின்று குரல் கொடுப்பாள். "அம்மோ, அவருக்கு இடியப்பமாம். பாவக்காய்ப் பால்கறியும் வேணுமாம்."

"நான் எப்பகா பாவக்காய் கேட்ட?" என்றால் என் வாயைப் பொத்துவாள்.

"சும்மா இரிங்க. நான் கேட்டா 'இரிக்கிறதத் தின்னுகா' எண்டு சொல்லுவா. மருமகன் கேட்டா கிணத்துக்குள்ள இறங்கியெண்டாலும் எடுத்துத் தருவா."

எனக்குப் பாவக்காய் பிடிக்காது. அவளுக்குத்தான் உயிர். என் பெயரைச் சொல்லி அவள் கேட்டது பாவக்காய் மட்டுமல்ல. புதுத் திரைச்சீலை, இறால் பொரியல், திருவிழாவுக்குப் போகாமல் நிற்பது. எல்லாம் நான் சொன்னது. மாமியின் கணக்கில் நான் பெரிய ஆசைக்காரன்.

அவள் போன தை மாதம் டெங்குக் காய்ச்சலில் இறந்தாள். முப்பத்தோராம் நாள்வரை வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். யாராவது ஒரு பெண் தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். சடங்கு முடிந்து எல்லோரும் போன பின்னேரம் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. நான் கதிரையில் இருந்தேன். போன் அடித்தது. எடுத்தேன்.

"சோறு வெச்சிரிக்கு," என்றது ஒரு குரல். அது என்னோடு கதைத்த முதல் தடவை என்பதால் யார் என்று விளங்கச் சற்று நேரம் எடுத்தது.

அதன்பிறகு நாளுக்கு மூன்று முறை. தேத்தண்ணி. மத்தியானச் சோறு. இரவுச் சாப்பாடு. சில நாட்களில் நாலாவதாக ஒன்று: "மழ வருது. கொடியில உடுப்புக் கிடக்கு." எப்போதாவது கறி எப்படி என்று கேட்பார். நல்லம் என்பேன். கிழமைக்கு இரண்டு நாள் பாவக்காய் வரும். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைப்பேன்.

ஒருநாள் நான் மட்டக்களப்பு டவுனில் மழைக்குள் மாட்டிக்கொண்டேன். திரும்பி வர இருட்டிவிட்டது. வீட்டுக்குள் கால் வைக்கும்போதே போன் அடித்துக்கொண்டிருந்தது.

"என்ட மொபைலுக்கு எடுத்திருக்கலாமே. நம்பர் இரிக்குத்தானே," என்றேன். தனுஷா பதிந்து கொடுத்திருந்தாள்.

"அது ஒங்கட போன். ஒரு ஆம்புளட போனுக்கு நான் என்னெண்டு எடுக்கிற? இது வீட்டுப் போன். நான் மகள்ட வீட்டுக்கு எடுக்கிறன்."

நான் ஒரு கொழும்புக் கம்பனிக்கு வீட்டிலிருந்து கணக்கு வேலை செய்கிறேன். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்த படிப்புக்குக் கிடைத்தது. இணையம் போனால் வேலை போகும். எங்களுடையது பழைய செப்புக் கம்பி. வாடைக்காற்று தொடங்கி, வாவி பெருகி ஒழுங்கை முனைக்கு வரும் நாட்களில் அந்தக் கம்பிக்குள் இரைச்சல் தவிர ஒன்றும் வராது. இந்த மாரியில் இரண்டு தடவை கூட்டத்தின் நடுவில் நான் காணாமல் போனேன். கம்பனி எழுதிவிட்டது. கண்ணாடி இழை இணைப்புக்கு மாறவேண்டும், இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்பார்கள்.

தொலைபேசிக் கந்தோரில் இருந்த பெண் கேட்டாள்: "வீட்டுப் போனும் வேணுமா சேர்? இப்ப கூடுதலான ஆக்கள் இன்டர்நெட் மட்டும்தான் எடுக்கிறாங்க."

"தேவையில்லை," என்றேன்.

அந்த வருடம் யார் எதைக் கேட்டாலும் தேவையில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுச் சேர்ட்டா, கோயிலுக்கு வருகிறாயா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல். வாய் தானாகச் சொன்னது.

மாமியிடம் போனிலேயே சொன்னேன். "புதன்கிழமை ஆள் வருது. இந்தப் போன் இனி வேலை செய்யாது. இனி என்ட மொபைலுக்கு எடுங்க."

"ம்," என்றார். பிறகு, "மணலை மீன் ஆணம். முள்ளுப் பாத்துச் சாப்பிடச் சொல்லுங்க," என்றார். அவர் சில நேரம் அப்படிச் சொல்வார். யாரிடமோ சொல்லி என்னிடம் சொல்லச் சொல்வதுபோல.

அதற்கு முந்திய கிழமைதான் ஆண்டுத் திவசம். கிரானிலிருந்து என் அம்மா வந்திருந்தார். ஐயர் போனபிறகு முன்விறாந்தையில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்:

"திவசமும் முடிஞ்சிதானே மனே. புள்ளகுட்டியும் இல்ல. பொண்டாட்டி இல்லாத வீட்டில ஆம்புளைக்கு என்ன இருப்பு? வயல் வட்டைக்குள்ள வேளாண்ம பழுத்துக் கிடக்கு. வெட்டுக்கு முதல் வந்து சேரு."

அது வழமைதான். மனைவி போனால், ஆண்டு முடிந்தபின் ஆண் தன் தாய்வீட்டுக்குப் போவான். யாரும் தப்புச் சொல்லமாட்டார்கள். ஆனால் விறாந்தையில் இருந்த சின்னத்தங்கம் அக்கா, எங்கள் பக்கத்து வீட்டுக்காரி, விடவில்லை.

"அவர் எப்பிடிப் போற? 'எங்கட அம்மாவத் தனிய உட்டிராதங்க' எண்டு சொல்லிப்போட்டுத்தானே அந்தப் புள்ள கண்ண மூடின."

இந்தக் கதையை யார் தொடங்கினார்கள் என்று தெரியாது. செத்தவீட்டிலேயே சொன்னார்கள். அவளோடு கடைசியாகக் கதைத்தவன் நான். என்னிடம் யாரும் கேட்கவில்லை. அறைக்குள் மாமி பலகாரத் தட்டோடு நின்று, அதைக் கேட்டுத் தலையை மெல்ல ஆட்டியதைக் கண்டேன்.

அம்மா அதற்குமேல் கதைக்கவில்லை.

புதன்கிழமை மழை விட்டு விட்டுப் பெய்தது. கம்பி மாற்றக் காத்தான்குடியிலிருந்து இர்ஷாத் வந்தான். மெல்லிய ஆள். ஏணியை வேனின் மேலே கட்டி, வாய்க்குள் வெற்றிலையை அடக்கி வைத்திருந்தான்.

"அண்ணன், இந்தச் செப்புக் கம்பிக்கு இனி ஆரும் மருந்து கட்ட மாட்டாங்க. மழ பெஞ்சா, ஆத்துக்குள்ள நிண்டு கதைக்கிற மாதிரிக் கேக்குமே?"

"ஓம்."

"இந்த ஊட்டுக்கு நான் முந்தி ரெண்டு தரம் வந்திரிக்கன். ஒரு அக்கா ஏணியப் புடிச்சிக்கி நிப்பா. கேள்வியெண்டாக் கேள்வி. 'தம்பி, நாங்க போன்ல கதைக்கிறது ஒங்களுக்கு மேல கேக்குமா?' கேக்கலாம்தான் அக்கா எண்டன். 'அப்ப எங்கட அம்மா என்னப் பத்தி ஆருட்ட என்ன சொல்றா எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்க, ஒரு இளநி வெட்டித் தாறன்' எண்டா." சிரித்தான். "இளநி தந்ததான். அக்கா வேலைக்கா?"

"இல்ல."

"வெளிநாட்டுக்கா?"

"இல்ல."

அவன் கண் சுவருக்குப் போனது. படத்தைப் பார்த்தான். மாலையைப் பார்த்தான். அதன் கீழே எரிந்த சின்னச் சிவப்பு பல்பைப் பார்த்தான்.

"என்ட ரப்பே," என்றான். வெளியே போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தான். "தெரியா அண்ணன். மன்னிச்சிக்கங்க."

"பரவாயில்ல."

இளநீர்க் கதையை அவள் என்னிடம் சொன்னதில்லை. ஒரு வருடத்துக்குப் பிறகு அவளைப் பற்றிப் புதிதாக ஒன்று கேட்டிருந்தேன். இன்னும் ஏதாவது சொல்வான் என்று ஏணியைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவன் மேலே நின்று கம்பியைத்தான் பார்த்தான். தூறல் அவன் சட்டையில் விழுந்தது.

புதுக் கம்பி அலுமாரிக்குப் பின்னால் சுவரைத் துளைத்து வரவேண்டும். அலுமாரியை நகர்த்த முடியவில்லை. அதன் மேலும் உள்ளும் இருந்ததை எல்லாம் வெளியே எடுத்த பிறகுதான் நகர்ந்தது. தனுஷாவின் சேலைப் பெட்டிகள். கந்தோர்ப் பைகள். நீலச் சூட்கேஸ். மழை படாமல் முன்விறாந்தையில் அடுக்கினேன். பிறகு இர்ஷாத் பழைய போனின் வயரைக் கழற்றிச் சுற்றி, போனை விரிப்போடு சேர்த்து என் கையில் தந்தான்.

"இது இனிச் சும்மா பெட்டிதான் அண்ணன்."

அதையும் கொண்டுபோய்ச் சூட்கேசின் மேல் வைத்தேன்.

மத்தியானம் ஆனது. வழமையான நேரத்துக்கு ஒன்றும் அடிக்கவில்லை. அடிக்காது என்று தெரியும். ஆனாலும் என் தலை அந்த மூலைக்குத் திரும்பியது. முக்காலி மட்டும் நின்றது.

இர்ஷாத் விறாந்தையில் குந்தியிருந்து சாமான்களைப் பையில் போட்டான். நான் தூணருகே நின்றேன். அப்போது வீட்டின் பக்கவாட்டால் மாமி வந்தார். அவர் முன்பக்கம் வருவது வருடத்தில் ஒன்றிரண்டு நாள்தான். தலையில் சேலைத் தலைப்பு. கையில் பட்டன் போன். பெட்டிகளைப் பார்த்தார். சூட்கேசைப் பார்த்தார். அதன்மேல் இருந்த போனையும் பார்த்தார். பிறகு எனக்கு முதுகைப் பாதி காட்டி நின்று இர்ஷாத்திடம் கேட்டார்:

"தம்பி, எத்தின மணிக்குப் போற எண்டு கேளுங்க."

இர்ஷாத் என்னைப் பார்த்தான். "அண்ணன், எத்தின மணிக்குப் போற எண்டு கேக்கிறாங்க."

"எங்க?" என்றேன்.

"எங்க எண்டு கேக்கிறாரம்மா."

"கிரானுக்கு. வெட்டுத் தொடங்கிட்டுத்தானே. சோறு கட்டித் தரவா, திண்டுபோட்டுப் போறா எண்டும் கேளுங்க. பாவக்காய் ஆக்கினதான். அது புடிக்கும்."

இர்ஷாத் பையை மூடினான். "அம்மா, அவரு இந்தா நிக்கிறாரு. கை நீட்டினாத் தொடலாம். நான் என்னத்துக்கு நடுவில? எனக்கு ஒங்கட இந்தச் சுத்திக் கதைக்கிற பாசையும் சரியா வராது." எழும்பிப் பையைத் தூக்கினான். "நான் ஒழுங்கையில அந்தக் கம்பத்த ஒருக்காப் பாத்துட்டு வாறன்."

கம்பத்தில் அவனுக்கு வேலை ஒன்றும் இல்லை. படலையைச் சாத்திவிட்டுப் போனான்.

கூரையிலிருந்து தண்ணீர் வடிந்தது. மாமி தண்ணீர் விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் போகல்ல, மாமி," என்றேன்.

நேருக்கு நேர் அவரை மாமி என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பவில்லை.

"பெட்டியெல்லாம் வெளிய கிடக்கு," என்றார் பெட்டிகளிடம்.

"அலுமாரிய நகத்தினது. வயர் இழுக்க."

"போன் எடுத்தா அப்பிடி ஒரு நம்பர் இல்லையெண்டு ஒருத்தி சொல்றாள். மூணு பாசையில சொல்றாள்."

"அது இனி வேலை செய்யாது. நான் சொன்னன்தானே."

"சொன்னதுதான். போகப்போறதத்தான் அப்பிடிச் சொல்றீங்க எண்டு நினைச்சன். வீட்டக் காலி பண்ணுற ஆக்கள்தானே போன வெட்டுற. எதிர்வீட்டுச் சீனித்தம்பி அண்ணன் கனடாவுக்குப் போகக்குள்ளயும் முதல்ல போனத்தான் வெட்டின. மறுகாத்தான் கதவு, யன்னல்."

"இன்டர்நெட்டுக்காக மாத்தினது மாமி. கம்பனி வேலைக்கு."

"ம்."

"கூப்பிட வேணுமெண்டா என்ட மொபைலுக்கு எடுங்க. ஆரும் ஒண்டும் நினைக்க மாட்டாங்க."

"ஊருக்காகச் சொல்லல்ல." கையிலிருந்த போனைப் பார்த்தார். பொத்தான்களில் எண்கள் தேய்ந்துபோயிருந்தன. "இதில அமத்தினா அங்க அடிக்கும். எனக்குக் குசினிக்குள்ளயும் கேக்கும், காதுக்குள்ளயும் கேக்கும். நீங்க எடுக்கச் சுணங்குவீங்க. நீங்க எடுக்கிற வரைக்கும் அவள்தான் வாறாள் எண்டு இரிக்கும். கையத் துடைச்சிக்கி ஓடி வாறாள் எண்டு. அவ்வளவுதான். மறுகா நீங்க ஹலோ எண்டுவீங்க. அது போதும் எனக்கு."

நானும் அந்த இரண்டாம் மணிக்குத்தான் காத்திருந்தேன். அதை அவரிடம் சொல்லவில்லை.

மழை கொஞ்சம் இறுகியது. மாமி விறாந்தைப் படியில் ஏறி, தனுஷாவின் சேலைப் பெட்டி ஒன்றைச் சாரல் படாமல் உள்ளே தள்ளினார். கையை அதன் மேலேயே வைத்திருந்தார்.

"ஒண்டு சொல்றன். கேளுங்க," என்றார். "ஒங்கட அம்மா அண்டைக்குச் சொன்னது சரிதான். வயசிரிக்கு. அவள் கடைசியாச் சொன்னதுக்காக, ஒரு மனுசன் ஆயுசு முழுக்க ஒரு கிழவிட பின்வளவக் காத்துக்கிடக்கேலாது. அவள் சின்னப் புள்ள. சாகக்குள்ள என்னவோ சொல்லிப்போட்டாள். நான் ஒங்கள அதால கட்டிவெக்க மாட்டன். போறதெண்டாப் போங்க மகன்."

மகன் என்றார். அதுவும் முதல் தடவை.

"அவ அப்பிடிச் சொல்லல்ல," என்றேன்.

மாமி திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். தனுஷாவுக்குத் தாயின் கண் என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதைச் சரிபார்க்கச் சந்தர்ப்பம் கிடைத்ததில்லை. சரிதான்.

"என்ன?"

"அம்மாவத் தனிய உட்டிராதங்க எண்டு அவ சொல்லல்ல. அது ஆரோ கட்டின கதை. நான் இஞ்ச இரிக்கிறது அதுக்காக இல்ல."

"மறுகா என்னத்துக்கு?"

"எனக்குப் போக விருப்பமில்ல," என்றேன். ஒரு வருடத்தில் தேவையில்லை என்ற சொல்லைத் தாண்டி நான் சொன்ன ஒரே ஆசை அதுதான்.

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். பெட்டியின் மேலிருந்த கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"அப்ப அவள் என்னதான் சொன்ன?" குரல் வேறாகிவிட்டது. "ஒரு வருசமா ஒங்களிட்டக் கேக்கோணும் எண்டு நினைக்கிறன். போன்ல வாய் வரும். மறுகா வராது. எதெண்டாலும் சரி, மகன். உள்ளதச் சொல்லுங்க."

சொன்னேன்.

அவளுடைய கடைசிப் பின்னேரம், மாமி தந்துவிட்ட கஞ்சியை பிளாஸ்கில் கொண்டுபோனேன். பெண்கள் வார்டு. யன்னலோரக் கட்டில். காய்ச்சல் விட்டிருந்தது. அதனால் இனிப் பயமில்லை என்று நினைத்தோம். தலையணையை நிமிர்த்திவிட்டேன். மூடியில் ஊற்றிக் கொடுத்தேன். கொஞ்சம் குடித்தாள். முகத்தைச் சுளித்தாள். திரும்பவும் கொஞ்சம் குடித்தாள். போதும் என்று கையைக் காட்டினாள். பார்வையாளர்களைப் போகச் சொல்லி மணி அடித்தார்கள். ஆண்கள் அங்கே நிற்க முடியாது. நான் பிளாஸ்கை மூடினேன். நாளைக்கு என்ன கொண்டுவர என்று கேட்டேன். அவள் யோசித்துக்கொண்டிருந்தாள். நான் வார்டுக் கதவுவரை வந்துவிட்டேன். பின்னால் கூப்பிட்டாள். போனேன். குனியச் சொன்னாள். பக்கத்துக் கட்டில்காரிக்குக் கேட்கக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னாள். கொஞ்சம் சிரித்தாள். மறுநாள் விடியும்போது எல்லாம் முடிந்திருந்தது. அவள் சொன்னதைத் தாயிடம் போய்ச் சொல்லும்படியான ஒரு நாள் அதன்பிறகு வரவில்லை.

"கஞ்சி குடிச்சவளா?" என்றார் மாமி.

"குடிச்ச."

"என்ன சொன்னவ?"

அவள் சொன்ன மாதிரியே சொன்னேன்.

"கஞ்சிக்கு உப்புப் போடல்ல எண்டு அம்மாட்டச் சொல்லுங்க. நான் சொன்ன எண்டு சொல்லாதீங்க, நீங்க சொன்ன எண்டு சொல்லுங்க."